வெள்ளீயம்

சௌராஸ்தா சந்தை மாடியில்
பழைய பாடநூல்களுக்கு அடியில் கிடந்தது,
அட்டை போன ஓர் இசைப் புத்தகம். ஏழு வெள்ளி.
ஆறுக்குத் தருவீங்களா என்றேன்.
"யாருமே தொடாததுக்குப் பேரம் வேற."
ஆறுக்கே தந்தார் கடைக்காரர்.

தெயோஃபீல் ரவனெல். ஆர்கன் வாசித்தவர்.
முன்னுரை பிரெஞ்சில். கைப்பேசி அதைத்
தத்தித் தத்தித் தமிழாக்கியது:
வாய்க்கால் மதகுக் காவலாளியின் மகன்.
நாற்பத்தோரு வருஷம் ஒரே கோயில், ஒரே பலகை.
மனைவி ஒதில் துருத்தி மிதித்தாள்.
"அவளே என் காற்று" என்று எழுதியிருக்கிறார்,
அல்லது "அவளுக்கு வாயு" என்று.
கைப்பேசிக்கு இரண்டும் ஒன்று.

போர் வந்த வருஷம் கரி இல்லை.
கோயிலுக்குள் தீர்த்தத் தொட்டி உறைந்தது.
குழல்களின் தோலில் சாம்பல் நிறப் பரு,
தொட்டால் பொடி.
வெள்ளீயத்துக்குக் குளிர் ஆகாது.
பதின்மூன்று பாகைக்குக் கீழே போனால்
உள்ளுக்குள் அது வேறொன்றாகத் தொடங்கும்.
(இது முன்னுரையில் இல்லை.
பாயான் லெப்பாஸ் ஆலையில்
பயிற்சி வாரத்தில் சொல்லித் தந்தது.)

முதல் குளிரில் மேல் தைவதம் போயிற்று.
அவர் எழுதியிருந்த எல்லாத் தாள்களிலும்
அந்தச் சுரம் வரும் இடத்தைத் தேடித் தேடி அழித்தார்.
அடுத்த குளிரில் இரண்டு.
அதற்கடுத்து எண்ணவில்லை.
அழித்த இடத்தில் வேறெதையும் வைக்கவில்லை,
அங்கே ஒதில் மிதித்த காற்று
சும்மா போய் வந்தது.

தலைநகரத்து விமர்சகர்கள் எழுதினார்கள்,
முதுமையின் துறவு, சொல்லாமல் சொல்லும் கலை.
அவர் மறுக்கவில்லை.
ஆயருக்கு மட்டும் ஒரு கடிதம்:
பதினேழு குழல் வேண்டும், விலை இவ்வளவு.
பதில் வந்தது:
முதலில் கூரை.

இங்கே டத்தோ கிராமாட் சாலையில்
ஈயம் உருக்கிய காலம் ஒன்று உண்டு.
கிந்தாவின் லம்பத்து மண்
ரயிலில் வந்து, கட்டியாகி, கப்பலேறியது.
அதில் ஒரு கட்டி அவருடைய தைவதமானதா?
தெரியாது. ரசீது எதுவும் என்னிடம் இல்லை.
வெயிலில் பிறந்த ஒன்று
அந்தச் சுவருக்குள் என்ன பாடு பட்டிருக்கும் என்பது தெரியும்.
சுத்த அறையில் பன்னிரண்டு மணி நேர ஷிப்ட் எனக்கு,
கையுறைக்குள் விரல் மரத்துப்போகும்.

எங்கள் கோயில் ஆர்கனில் குழலே கிடையாது.
மின்சாரம். ஒருமுறை கரப்பான் புகுந்ததைத் தவிர
அறுபத்தொரு கட்டையும் நலம்.
செவ்வாய்க்கிழமை மாலை, மழை பிடிக்கும் முன்,
அவர் அழித்ததையெல்லாம் நான் திரும்ப வைத்தேன்.
பென்சில் தடம் இன்னும் லேசாகத் தெரிகிறது, அது போதும்.
வாசித்தேன். நிறைவாக இருந்தது.
பெருக்கிக்கொண்டிருந்த சலேத்மேரி அக்கா நிமிர்ந்து,
"நல்லாருக்கு. எங்கியோ கேட்ட மாதிரி இருக்கு" என்றார்.

அந்த ஒரு வாக்கியம் போதுமாக இருந்தது.
அவர் விட்டுப்போனபடியே
மறுபடி முதலிலிருந்து.
நான்காம் வரியில் அக்கா துடைப்பத்தை நிறுத்தினார்.
"என்னம்மா, கரண்டு போச்சா?"
கட்டைக்கு மேலே என் விரல்.
வெளியே ஓட்டில் முதல் துளி, அப்புறம் பத்து.
அடுத்த சுரம் வரும்வரை
அவர் குனியவே இல்லை.

இரவு ஷிப்ட். லென்ஸுக்குக் கீழே
வரிசை வரிசையாய் ஈய மணிகள்,
கடுகிலும் சிறியவை.
ஒரு வரிசையில் ஒன்று இல்லை.
விதிப்படி தள்ள வேண்டும்.
தள்ளினேன்.
தள்ளும் முன் அந்த வரிசையை
இடமிருந்து வலமாக
ஒரு தடவை வாசித்துப் பார்த்தேன்.